மஞ்சள் கண்ணாடி ஜன்னல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுவரொட்டியும் சின்னமும் இத்துடன். வீட்டில் அடி தாங்காமல் பிள்ளைகளோடு கிளம்பி வருகிற பெண்களுக்கு இல்லம் நடத்துகிறாய். உங்கள் முத்திரையோ ஏதோ கூட்டுறவுச் சங்கம் மாதிரி இருக்கிறது. அதைத் தூக்கிப் போடு. இல்லத்து மாடியில் இருக்கிறதே, மஞ்சள் கண்ணாடி பதித்த வட்ட ஜன்னல், அதையே வரைந்துவிட்டேன். நீ சொன்னபடி முகவரி போடவில்லை, தொலைபேசி எண் மட்டும்தான். ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கூலி வேண்டாம், பாராட்டைத் தாராளமாக அனுப்பு.

தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

பஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் ஒட்டியாகிவிட்டது. "நம்ம ஜன்னலா இது? சினிமாவுல நடிக்கலாம் போல இருக்கே!" என்கிறாள் சமையல்காரம்மா. வருகிறேன், வருகிறேன் என்று எத்தனை நாள் போக்குக் காட்டுவாய்?

அக்கா

ஏப்ரல் 20

தம்பி,

நேற்று ஒருவன் உன் சுவரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தெருத்தெருவாக மாடிகளை நிமிர்ந்து பார்த்தபடியே வந்து சேர்ந்தான். "இந்த ஜன்னல்தானே? என் பொண்டாட்டிய வெளிய அனுப்புங்கடி" என்று கதவை உதைத்தான். தடுக்கப்போன வாட்ச்மேனின் கை முறிந்தது. போலீஸ் வந்து அவனை அழைத்துப் போகும்வரை அந்தப் பெண் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். அவள் மகள் இதுவரை வாய் திறக்கவில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஒட்டச் சொன்னவள் நான்தான். வீடு மாற்றுகிறோம். புது முகவரியை உனக்கும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. எழுதுவதென்றால் இல்லத்து வழக்குகளைப் பார்க்கும் வக்கீலம்மா மூலமாக எழுது.

அக்கா

மே 2

அக்கா,

நானே அலைந்து சுவரொட்டிகள் எல்லாவற்றையும் கிழித்தெறிந்துவிட்டேன். இப்போது அனுப்புவதில் சின்னமும் இல்லை, பெயரும் இல்லை. பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுவதற்கு ஒரு தாள். கீழ்ப்பகுதியில் எண் மட்டும், வரிசையாகச் சின்னத் துண்டுகளில், ஆளுக்கொன்றாகக் கிழித்தெடுத்துச் செருப்புக்குள் வைத்துக்கொள்ளும் அளவுக்கு. கண்ணில் படும்படி வரைந்தே பிழைப்பை ஓட்டியவனுக்குப் படாமல் வரைவது பெரும்பாடாக இருந்தது.

உன்னை ஒரு தடவையாவது பார்க்க முடியாதா?

தம்பி

ஜூலை 11

தம்பிக்கு,

தாளைக் கிழித்துக்கொண்டு போய்க் கூப்பிடுகிறார்கள். அந்தச் சின்னவள் பேச ஆரம்பித்துவிட்டாள். பாராட்டு கேட்டாயே, எடுத்துக்கொள். பார்க்க மட்டும் வராதே.

அக்கா

செப்டம்பர் 6

அக்கா,

சத்தியமாகத் தேடவில்லை. வேலையாகப் போனபோது பஸ்ஸிலிருந்து ஒரு மொட்டைமாடி தெரிந்தது. கொடி நிறையத் துணி: வெள்ளையில் தொடங்கி, மஞ்சள், சிவப்பு என்று போய்க் கருநீலத்தில் முடிந்தது. "வரிசை தப்பினா எனக்குத் தூக்கம் வராதுடா" என்பாயே. சின்ன வயதில் நம் வீட்டில் நீ காயப்போட்ட கொடியைப் பார்த்துத்தானே எனக்கு நிறமே பழகியது.

இறங்கி வாசல்வரை வந்தேன். உள்ளே நீ யாரையோ அதட்டும் குரல் கேட்டது. மணியடிக்காமல் திரும்பிவிட்டேன்.

உன் வரிசை வேறு யாருக்கும் தெரியாதுதான். ஆனால் ஜன்னலைப் பற்றியும் அப்படித்தான் நினைத்தேன். துணியைக் கலைத்துப் போடு.

தம்பி

செப்டம்பர் 14

தம்பி,

கலைத்துவிட்டேன். போர்வைக்குப் பக்கத்தில் குழந்தைச் சட்டை, அதற்குப் பக்கத்தில் கரித்துணி. பார்க்கச் சகிக்கவில்லை.

மணியடித்திருந்தால் திட்டியிருப்பேன். அடிக்காமல் போனாய் என்று படித்ததும் அழுதேன்.

அந்த பஸ்ஸில் இனி ஏறாதே. ஏறியே ஆக வேண்டுமென்றால், எதிர்ப்பக்கமாக உட்கார்.

அக்கா