நிசாரின் இரத்தத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை

என் கண்ணான மச்சான் நிசார்,

இது உன் சொந்தப் பேரில்லை என்று உனக்குத் தெரியும். சொந்தப் பேரை ஆசுபத்திரி வார்டிலும் சந்தையிலும் கூவித் தீர்த்துவிட்டார்கள். நானும் ஒரு தரம் கூவ வேண்டாமே என்று மாற்றி எழுதுகிறேன். நீ மௌத்தாகி, உன்னை அடக்கி ஒரு வருடம் ஆகப் போகிறது. உன் கபுறடியில் கையேந்தி நின்றால் எனக்கு துஆ வர வேண்டும். வருவது கோபம்தான்.

முதல் கோபம் என்மேல்.

வெளிநாட்டு விசாவுக்காகப் பம்பாயில் காத்திருந்தவன், விசா கிடைக்காமல், குடு என்கிற ஹெரோயின் தூள் பழக்கத்தோடு திரும்பி வந்தாய். கல்முனைக்குத் தெற்கே, கடற்கரையோரம் இருந்த எங்கள் புனர்வாழ்வு இல்லத்துக்கு உன்னைக் கூட்டி வந்தவன் உன் கூட்டாளியான நான். வருகிறவர்களைப் பதிவதுதான் அங்கே என் வேலை. பேர், வயது, வாப்பா பேர், எத்தனை வருடப் பழக்கம், அவ்வளவுதான் எழுதுவேன். புகையா ஊசியா என்ற கேள்வி படிவத்தில் இல்லை. நீயாகத்தான் சட்டைக் கையை மடித்துக் காட்டினாய்.

"நாலு பேர் ஒரே அறையில இரிந்த. ஊசி ஒண்டுதான் மச்சான்" என்றாய்.

எச்.ஐ.வி. என்கிற வருத்தம் ஊசியாலும் பரவும் என்று ஒரு துண்டுப்பிரசுரத்தில் படித்திருந்தேன். அன்றே இல்லத்தின் தலைவரிடம் போய், "இவன்ட இரத்தத்த ஒருக்கா சோதிச்சுப் பாப்பமா? ஊசி போட்ட எல்லாரிட்டயும் கேப்பமா?" என்றேன். கெட்ட மனிதர் இல்லை அவர், உனக்கே தெரியும். வாந்தி எடுத்த பிள்ளைகளின் வாயைத் தன் கையால் துடைத்தவர். ஆனால் அன்றைக்கு அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"அன்வர், அந்த வருத்தம் நம்மட ஊருல இல்ல. இந்தக் கதைய இங்க எடுத்தா ஒரு உம்மாவும் தன்ட புள்ளைய நம்மளிட்ட விடமாட்டா. வாய மூடிட்டு இரிங்க."

மூடிக்கொண்டேன். இழக்கச் சம்பளம் கிடையாது, பதவி கிடையாது, யாரும் அடிக்கவும் இல்லை. அப்படியிருந்தும் ஏன் மூடிக்கொண்டேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

நீ நடுங்கி, வியர்த்து, சுவரில் தலையை முட்டி, கடைசியில் அந்தச் சனியனை வென்றாய். அதில் எனக்குப் பெருமை. தலைவர் எல்லோருக்கும் முன்னால் உன்னைக் கட்டிப்பிடித்து, "சுத்தமாகிட்டான்" என்றார். சுத்தம்! அந்தச் சொல்லை இப்போது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதைப் பார்த்துச் சொன்னார்? உன் கண்ணைப் பார்த்தா, நிறத்தைப் பார்த்தா?

அதே வருடம் என் தங்கச்சி ரமீஸாவைக் கேட்டு உங்கள் வீட்டார் வந்தார்கள். உம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "அந்தப் பழக்கம் மெய்யாத்தான் உட்டுட்டானா?" என்றா. "ஓம் உம்மா, நான் பொறுப்பு" என்றேன். பழக்கத்தை நீ விட்டது உண்மைதான். உம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் ரமீஸாவை நீ எப்படி வைத்திருந்தாய் என்பதை நான் மறைக்க மாட்டேன். நல்லாய் வைத்திருந்தாய். பிறகு விடாத காய்ச்சல் வந்தது. வாயெல்லாம் வெள்ளை படிந்து, சோறு இறங்காமல் போனது. ஆசுபத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். எதற்கென்று உன்னிடம் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஒரு நாள் காலையில் சிற்றூழியன் ஒருவன் வாசலில் நின்றபடியே, "அந்தக் கட்டில்ல இரிக்கிறது எயிட்ஸ், கிட்டப் போகாதீங்க" என்று கத்தினான். பக்கத்துக் கட்டில்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பினார். உன் வருத்தத்தின் பேரை அந்த வார்டில் கடைசியாக அறிந்தவன் நீ.

அன்று நீ அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்கு நீ கேட்டிரிந்தா நான் இரத்தம் குடுத்திரிப்பன்தானே, மச்சான்?" என்றாய்.

குடுத்திருப்பாயா? உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, கேட்டுக்கொள். ஒரே ஊசி என்று என்னிடம் சொன்னவன், ரமீஸாவிடம் ஏன் சொல்லவில்லை? பயமா? பயந்த மனிதனைப் பக்கத்தில் இருத்தி, "பரிசோதனை எடுக்கிறதும் விடுறதும் உன்ட விருப்பம், முடிவு எதுவானாலும் நாங்க இரிக்கம்" என்று சொல்லத்தானே அந்த இல்லமே இருந்தது?

நீ மௌத்தான அன்று மையித்தைக் குளிப்பாட்ட வந்தவர்கள் முற்றத்தோடு நின்றுவிட்டார்கள். பொலித்தீனில் சுற்றி அப்படியே அடக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ரமீஸா உள்ளே இருந்து தண்ணீர் வாளியோடு வந்தாள். "அவர் என்ட புருஷன். நான் குளிப்பாட்டுவன்" என்றாள். கையுறை போட்டுக்கொண்டு நானும் அவளும்தான் குளிப்பாட்டினோம். முற்றத்தில் நின்றவர்களின் முகங்களை நான் மறக்கவில்லை.

நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்த கையோடு அவளைக் கொழும்புக்குக் கூட்டிப் போனேன். ராணுவச் செக்பொயின்ட் ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு டொக்டரம்மா கதவைச் சாத்தி, அவளை இருத்தி, பரிசோதனை என்றால் என்ன, இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அரை மணித்தியாலம் கதைத்தா. பிறகுதான் சம்மதமா என்று கேட்டா. முடிவு வந்த அன்றும் அப்படியே, அவளிடம் மட்டும் சொன்னா.

இருக்கிறது மச்சான். ரமீஸாவுக்கும் இருக்கிறது.

பிள்ளை இல்லையே என்று தொழுகைப் பாயில் அழுதவள், பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, "அல்ஹம்துலில்லாஹ், புள்ள இல்ல" என்றாள். பிறகு, "காக்கா, இவருக்கு யாராச்சும் இப்பிடி இருத்திச் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

ஊருக்கு வந்த மறுவாரம் இல்லத்தில் கூட்டம் நடந்தது. ஊசி போட்டவர்கள் எல்லோரிடமும் பரிசோதனை வேண்டுமா என்று கேட்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் இருத்திக் கதைக்க வேண்டும் என்றேன். பழைய பதில்தான் வந்தது: அந்த வருத்தம் நம்மட ஊரில் இல்லை, ஊருக்குப் பேர் கெட்டுப்போகும். நான் மேசையில் அடித்தேன், கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. அப்போது, என்னோடு வந்து வெளியே விறாந்தையில் காத்திருந்த ரமீஸா உள்ளே வந்தாள். அவளை நான் உள்ளே வரச் சொல்லவில்லை.

தலைவருக்கு நேரே நின்று, "என்ட முகத்தப் பாத்துச் சொல்லுங்க, அந்த வருத்தம் நம்மட ஊருல இல்லையெண்டு" என்றாள்.

அவர் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடியே, "அன்வர், முன்னறைய ஒதுக்குங்க" என்றார்.

இப்போது அந்த அறையில் ஒரு தாதி கிழமைக்கு ஒரு நாள் வந்து இருக்கிறா. கதவு சாத்தியிருக்கும். வேண்டாம் என்கிறவனை யாரும் நெருக்குவதில்லை, இல்லத்தை விட்டு அனுப்புவதுமில்லை. இதைப் பெரிய வெற்றி என்று உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உட்கார ஒரு கதிரை, ஒரு கதவு, ஒரு கேள்வி. இவ்வளவுக்கும் நீ சாக வேண்டியிருந்ததா?

பாலமுனைப் பக்கத்து மீன்பிடிக்காரன் ஒருவன் இரத்தம் கொடுத்திருக்கிறான். நாளைக்கு முடிவு வருகிறது. அவனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். "இரிந்தா என்ன செய்ற?" என்று என்னிடம் கேட்டான். "இரிந்தா அந்தப் புள்ளைக்கிட்ட நீயே சொல்லு, நான் கூட வாறன்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "சரி" என்றான்.

உனக்கு நான் வாக்குத் தருகிறேன், மச்சான். அவனுடைய முடிவை அவனுக்கு முன்னால் வேறொருவரும் அறிய மாட்டார்கள். நாளைக்கு அந்தக் கதவுக்கு வெளியே நான் நிற்பேன். அவன் எந்த முகத்தோடு வெளியே வந்தாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் வீதிக்கு இறங்குவேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

ரமீஸாவுக்குக் காக்கா,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
அன்வர்