காலி மெஷினுக்கு ஆள்

செப். 8, திங்கள்
கச்சான் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் மணல். மகளுக்கு இன்னும் மூக்கடைப்பு. பால்மா முடியப் போகுது.

அமெரிக்கா வரி போட்டதிலிருந்து எங்கள் கார்மென்ட் பெக்டரியில் பாதி மெஷின் சும்மா. புது ஓடர் வராவிட்டால் மாசக் கடைசியில் ஆள் குறைப்பு. முதலில் ஒபிஸ் ஆக்களாம். அதாவது நான்.

இவரிடம் சொன்னேன். "வரி போட்டா என்ன, கற்பிட்டியில வெங்காயம் நடுவம்." போன போகம் முழு வெங்காயத்தையும் அழுக விட்ட மனுசன்.

செப். 9, செவ்வாய்
வியாழன் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் வாறார். அவசர ஓடர், உடனே தொடங்க இடம் இருக்கா என்று பார்க்க. மெயிலை மெனேஜருக்கு வாசித்துச் சொன்னதே நான்தான். மெனேஜருக்கு ஐடியா வந்திட்டுது, அல்லாஹ் காப்பாத்தணும். காலி மெஷின் ஒன்றும் கண்ணில் படக்கூடாதாம். கன்டீன் பிள்ளைகள், கூட்டுற ஆக்கள், எல்லாரையும் இருத்தி, கழிவுத் துணியில் சட்டைக் கை தைக்கணுமாம்.

"சேர், அவர் இடம் இருக்கா எண்டு பார்க்கத்தானே வாறார்?"
"மிஸ், காலிக் கடையில எவன் சாமான் வாங்குவான்?"

மதுரங்குளிச் சந்தியில் கொத்துரொட்டிக் கடை போட வேண்டிய ஆள். பி.கொம். படித்துவிட்டு இதற்கு "ஓம் சேர்" சொல்ல நான்.

செப். 11, வியாழன்
மகளுக்கு இரவெல்லாம் இருமல். மாமியிடம் விட்டிட்டு ஓட்டம்.

கன்டீன் ரிஸ்னா மெஷினில். "அக்கா, இதை எப்பிடி நிப்பாட்டுற?" சுப்பவைசர் குமாரி: "மிதிக்காத தங்கச்சி. குனிஞ்சு இரி, போதும்."

வந்தவர் சுற்றிப் பார்த்தார். புது வேலையை எந்த லைனில் போடலாம் என்று கேட்டார். மெனேஜர் நெஞ்சை நிமிர்த்தி, எல்லா லைனும் ஃபுல் என்றார். சொன்ன பிறகும், தான் என்ன சொன்னோம் என்று மனுசனுக்கு விளங்கவில்லை. வந்தவர் கை குலுக்கி, தேத்தண்ணி குடித்து, சிலாபம் பக்கம் இன்னொரு பெக்டரி பார்க்கப் போயிட்டார்.

"பார்த்தீங்களா மிஸ், எவ்வளவு சந்தோசமாப் போறார்."

செப். 12, வெள்ளி
காற்று நிற்கவில்லை. மெயில் வந்தது. நல்ல பெக்டரி, நிறைய வேலை, தொந்தரவு தர விரும்பவில்லையாம். ஓடர் சிலாபத்துக்கு.

மெனேஜர்: "எங்களப் பத்தி நல்லாத்தானே எழுதியிருக்கு?"
"ஓம் சேர். நல்லாத்தான்."

பின்னேரம் கூப்பிட்டு, மாசக் கடைசியோடு என்னை வேலையை விட்டு நிற்கச் சொன்னார். முகத்தில் கவலை வேறு.

பெக்டரிக் கேற்றடியில், வியாழன் தைத்த சட்டைக் கை மூட்டை மூட்டையா. உடம்பில்லாத கை. மகளின் மூக்கைத் துடைக்க ரெண்டை எடுத்து வந்தேன். மெத்தென்ற துணி. ஏற்றுமதித் தரம்.