இரண்டு புள்ளிக்குப் பின்னால் செல்வி

என் ஆசை மாமாவுக்கு,

அன்று நம் குவார்ட்டர்ஸ் கூடத்தில் இருந்தவர்கள்: ஈசிசேரில் நீங்கள், எதிரே உங்கள் அண்ணன் தணிகாசலம், தாளும் பேனாவுமாக நம் மகன் குமார், காபி டம்ளர்களோடு நான். குமாரின் கல்யாணப் பத்திரிகை எழுதிய நாள். நான் மறப்பேனா?

“தங்கள் வரவை விரும்பும்” என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தான் குமார். ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டே வந்தவன், “தங்கச்சி பேரு?” என்று கேட்டான். தானே மாப்பிள்ளை தேடிக்கொண்ட நம் செல்வி.

“அவ பேரு வந்தா எம் பேர எடுத்துடு” என்றார் உங்கள் அண்ணன். நீங்கள் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டீர்கள்.

அவள் பெயர் இல்லாத அந்தப் பத்திரிகை பண்ருட்டியில் அவள் கண்ணிலும் பட்டது. எட்டு வருஷம் நம் படி ஏறவில்லை. நீங்கள் போன அன்றுகூட வாசலில் நின்று அழுதுவிட்டுத் திரும்பினாள். பார்த்தீர்களா?

வரும் தையில் குமாரின் சின்ன மகளுக்குக் காது குத்து. பத்திரிகையை இந்தத் தடவை நானே எழுதினேன். மூன்றாவது படித்த கையெழுத்துதான். வடலூரில் அச்சடிக்கும் கடைக்காரர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்ன ஆயா, ‘அத்தை’ன்னு எழுதி முக்காற்புள்ளி வெச்சிட்டு சும்மா வுட்டிருக்கீங்களே. இனிமேதான் வெவரம் வருதுன்னு சொல்றது அந்தப் புள்ளி. வெச்சா பின்னாடி பேரு வரணும்.”

செல்வி சம்மதிப்பாளோ மாட்டாளோ என்ற பயத்தில் விட்ட இடம் அது. தாளை வாங்கிக்கொண்டு நேரே பண்ருட்டிக்கு பஸ் ஏறினேன்.

முந்திரி உரித்துக்கொண்டிருந்தாள். “நீயே எழுது” என்று நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் புள்ளிகளையே பார்த்தாள்.

“எங்க வூட்டுக்காரர் பேரையும் எழுதலாமா?”

“அதுக்குந்தான் எடம் வுட்டு வெச்சிருக்கேன்.”

எழுதினாள், மாமா. இரண்டு பெயரையும் எழுதினாள்.

“யாரக் கேட்டு போட்ட?” என்றார் உங்கள் அண்ணன், அச்சான பத்திரிகையைப் பார்த்து.

“உங்க பேரும் இருக்குதுங்க. எடுத்துடச் சொல்லட்டுமா?”

காபியைக் குடித்து முடித்தார். “வேணாம், இருக்கட்டும்” என்றார். அவரை மன்னித்துவிட்டேன்.

காது குத்து அன்றைக்குச் செல்வியை வாசலில் நிற்க விடமாட்டேன். உங்கள் ஈசிசேரிலேயே உட்கார வைப்பேன். இது என் வாக்கு. உங்கள் பெயரும் பத்திரிகையில் இருக்கிறது, தெய்வத்திரு என்று, எல்லாருக்கும் மேலே.

ஆனால் நான் மன்னிக்காத ஆள் இன்னும் ஒருவர் இருக்கிறார்: அன்றைக்கு ஷிப்டே இல்லாத நீங்கள். வந்து பேசிக்கொள்கிறேன், அவசரமில்லை.

உங்கள் மனைவி, செல்வியின் அம்மா,
தையல்நாயகி