அடக்கப் பதிவேட்டில் என் பெயர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் அன்றாட ஜெபம். கால் வீக்கம் வடிந்ததா? நின்றுகொண்டே சமைக்காதே, மாப்பிள்ளை சமைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

பேரனுக்கு என் பெயரை வைக்கப்போவதாகவும், நம் முன்னோர் பெயர்களைச் சபைப் பதிவேட்டில் பார்த்து அனுப்பும்படியும் எழுதியிருந்தாய். செவ்வாய் காலை சபை அலுவலகத்துக்குப் போனேன். அங்குள்ள எழுத்தர் நல்ல மனுஷர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். ஞானஸ்நானப் பதிவேட்டில் என் தாத்தாவின் தாத்தா வரை கிடைத்துவிட்டார்கள், எல்லாரும் தச்சர்கள். என் பதிவும் சரியாக இருந்தது. பிறகு தாத்தா இறந்த தேதிக்காக அடக்கப் பதிவேட்டைப் புரட்டினோம். தாத்தாவுக்கு நாலு வரி கீழே நான் இருந்தேன். அதே பெயர், அதே பெற்றோர், வயது பதினொரு மாதம், காய்ச்சல்.

பதிவேட்டை எழுத்தர் பக்கம் திருப்பி அந்த வரியைக் காட்டினேன். எழுத்தர் பதறவில்லை, அந்தக் காலத்துல பிள்ளையப் பறிகொடுத்த வீட்டுல அடுத்ததுக்கும் அதே பேரை வச்சிருவாங்க ஐயா, நீங்க ரெண்டாவதா இருப்பீங்க என்றார். அப்படியானால் முதலில் பார்த்த பதிவு இறந்துபோன அண்ணனுடையது, என் ஞானஸ்நானம் எங்கே என்று அடுத்த பத்து வருஷத்தையும் வரி வரியாகப் பார்த்தோம். நான் எங்கேயும் இல்லை. அண்ணனின் ஞானஸ்நானச் சீட்டைக் காட்டியே என்னைப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். அவன் வயதுக்குத்தான் நான் ஒன்றிரண்டு வருஷமாவது முன்னதாக ஓய்வு பெற்றிருக்கிறேன். எங்கள் கல்யாணப் பதிவிலும் அவன் பதிவு எண்தான். உன் அம்மாவிடம் சொன்னதும், அதான் நாப்பது வருஷமா நான் சொல்ற எதுவும் உங்க காதுல ஏறலையா என்று சிரித்தாள், பிறகு சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஒற்றைப் பிள்ளையான என்னை என் அம்மா கடைசிவரை சின்னவனே என்றுதான் கூப்பிட்டாள், செல்லம் என்று நினைத்திருந்தேன். என் பெயரைச் சொல்லி அழைத்ததும் உண்டு, உள்ளறையில் தனியாக இருக்கும்போது. ஓடிப்போய் நின்றால், உன்னக் கூப்பிடல, போ என்பாள். இப்போது யாராவது என் பெயரைச் சொன்னால் நான் உடனே திரும்புவதில்லை, முதலில் அவன் திரும்பட்டும் என்று நின்றுவிடுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது மகளே.

ஆகையால் அந்தப் பெயரைப் பேரனுக்கு வைக்காதே, இன்னொரு பிள்ளை அதைச் சுமக்க வேண்டாம். போதகர் வரும் மாதம் எனக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சம்மதித்துவிட்டார், பேரை மட்டும் எழுதிக் குடுங்க என்றார். மூன்று நாளாகத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளைக்கென்று நீ குறித்து வைத்த பெயர்களில் மிச்சம் இருந்தால் ஒன்றை எனக்கு அனுப்பு.

இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே. தேவன் உன்னையும் பிள்ளையையும் தம் கைக்குள் பொத்தி வைத்துக் காப்பாராக. பதில் எழுதும்போது உறையின்மேல் அப்பாவுக்கு என்று மட்டும் எழுது, தபால்காரருக்கு வீடு தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா