படத்தில் இல்லாத வீடு

1976, ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வெள்ளி

தெருவுக்குக் குழாய் போட இடம் பார்க்க இன்று பஞ்சாயத்து ஆபீஸ் சர்வேயர் வந்தார். எங்கள் வாசலில் ஊர்ப் படத்தை விரித்தார். எல்லா வீடும் இருந்தது. எங்கள் வீடு இருக்கும் இடம் மட்டும் காலி. குழாய்க்கான சிவப்புக் கோடு அதன் நடுவே ஓடியது.

"எங்க வூடு எங்க சார்?" என்றேன்.

"பழைய படம்மா. புதுசுல வந்துடும்."

"அதெல்லாம் வேணாம். இப்பவே என் கண்ணு முன்னால போடுங்க."

சிரித்துக்கொண்டே ஒரு கட்டம் வரைந்துவிட்டுப் போனார்.

"தண்ணி வரப்போவுது, நீ சண்ட போட்டுகினு இருக்கியே" என்று என் வீட்டுக்காரர் சலித்துக்கொண்டு தறிக்குப் போனார். இப்போது நன்றாகத் தூங்குகிறார்.

எனக்குத்தான் கண் மூடவில்லை. மற்ற வீடெல்லாம் மையில் இருக்கிறது. எங்கள் வீட்டை அவர் பென்சிலால்தான் போட்டார்.