அசைத்த குழாய்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அப்பா மெல்லத் தேறி வருகிறார். அம்மா நலம். நீ போனில் கத்தியபோது நடந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை காலை, பின்பக்கம் அடுக்கியிருந்த செங்கலை எடுக்கப் போய் அப்பா விரியனிடம் கடி வாங்கினார். வலது கையில். பக்கத்து வீட்டு மெக்கானிக் அரை மணியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அடித்த பாம்பையும் பையோடு கொண்டுவந்து, காய்கறி மாதிரி மேஜையில் வைத்தார். பாதிப் பேர் வெளியே ஓடினார்கள். அவசரப் பிரிவில் அன்று எனக்கு டியூட்டி.

மணிக்கட்டில் லேசான வீக்கம்தான். கடிபட்ட எல்லாருக்கும் விஷம் ஏறுவதில்லை. முறிவு மருந்தும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்திருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்போம். உறையாவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். புது நர்ஸ்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

அன்று பன்னிரண்டாவது நிமிடத்தில் நான் குழாயைச் சாய்த்துவிட்டேன். அதுவும் இரண்டு தடவை. அப்பா ஆயிற்றே, மனசு கேட்கவில்லை. அசைத்த குழாயை நம்ப முடியாது. டியூட்டியில் இருந்த டாக்டரம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை, புதிதாக ரத்தம் எடுக்கச் சொல்லி, குழாயைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். இருபது நிமிடம் கழித்தும் ரத்தம் தண்ணீராகவே ஓடியது. உடனே மருந்து ஏற்றினோம். ஆனாலும் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கி, மறுநாள் அப்பாவுக்குச் சிறுநீர் நின்றுபோனது.

மூன்று டயாலிசிஸ் ஆகிவிட்டது. நேற்றிலிருந்து கொஞ்சம் சிறுநீர் போகிறது. சிறுநீரகம் முழுதாகத் திரும்புமா என்பது இன்னும் இரண்டு வாரத்தில் தெரியும்.

மருந்து தாமதமானதற்கு டாக்டரம்மாதான் காரணம் என்று அம்மா உன்னிடம் சொன்னாள். பாவம், அவளுக்கு விஷயம் தெரியாது. கேஸ் ஷீட்டில் 'சோதனை மறுபடி செய்யப்பட்டது' என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்கிறார் டாக்டரம்மா. என் ஆறுதலுக்குச் சொல்கிறாரோ என்னவோ. எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருக்கிறது.

அப்பாவிடம் நேற்று சொல்லிவிட்டேன். சிரித்தார். "அடுப்புல எத வச்சாலும் பத்து தடவ மூடியத் திறந்து பாக்குறவதானே நீ" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீ எழுதி வைத்திருக்கும் புகாரை அனுப்பாதே. அனுப்பியே தீருவேன் என்றால் டாக்டரம்மா பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடு. வேளாவேளைக்குச் சாப்பிடு. கோபம் ஆறினதும் ஒரு போன் பண்ணு. ஆறாவிட்டாலும் பண்ணு.

உன் அக்கா