வளைவில் நின்ற புளியமரம்

என் சிடுசிடுப்பு அப்பாவுக்கு,

உங்களுக்குப் பிடிக்காத என் அட்டை வேலை இப்போது வீடு முழுக்கப் பரவிவிட்டது. நீங்கள் படுத்திருந்த அறையையும் பிடித்துக்கொண்டேன், கோபப்படாதீர்கள். மோட்டார் காயில் கட்டும் கடையை மூடியதும் நேராக அங்கேதான் போகிறேன்.

முதலில் அட்டையில் ஒரு குட்டி பஸ்தான் செய்தேன். நாலு பேர் ஆகா ஓகோ என்றார்கள், புத்தி கெட்டுப்போயிற்று. கடலையே பார்க்காதவன் கப்பல் செய்தேன். அப்புறம் விமானம், ராக்கெட், தாஜ்மகால். கச்சிராயபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு தாஜ்மகால்! "சோத்துக்குப் பிரயோஜனம் உண்டாடா?" என்று கேட்பீர்களே, அதைவிடக் கேவலமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். எல்லாம் அட்டைக் குப்பை. தாஜ்மகாலை அத்தை தூக்கிக்கொண்டு போய், உள்ளே சிவப்பு பல்பு எரியவிட்டு ஷோகேஸில் வைத்திருக்கிறாள். உங்கள் தங்கையின் ரசனை உங்களுக்குத் தெரியாததா?

இனி நம்ம ரோடு ஒன்று போதும் என்று முடிவெடுத்தேன். மலையடிவாரத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும், இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்கு முன்னால் இருந்த ரோடு. பழைய காயில் கம்பியை முறுக்கினால் மரம், சாயம் போட்ட மரத்தூள் இலை. இரண்டு பக்கமும் புளியமரங்கள், இடுப்பில் சுண்ணாம்புப் பட்டையும் நெடுஞ்சாலைக்காரர்கள் போட்ட நம்பருமாக.

"ரோட்ட மறிச்சாதான்டா மெட்ராசுக்குக் காது கேக்கும்" என்று டீக்கடையில் முழங்கியவர் நீங்கள். கேட்டது நியாயம்தான், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் மறியல் தொடங்கிய மறுநாளே உங்களுக்கு மார்வலி வந்தது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வளைவில் ஒரு புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கமே உங்கள் மூச்சு நின்றுவிட்டது. அந்த மரத்தை மட்டும் என் ரோட்டில் வைக்க எனக்குக் கை வரவில்லை.

போன வாரம் உங்கள் அண்ணன் மகன் முருகேசன் பார்க்க வந்தார். பெரிய இன்ஜினியர் மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இன்னாடா, வளைவாண்ட ஒரு மரத்த வுட்டுட்டியே?"

"உனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"நான்தானடா வெட்டுனேன்! வேல ஜாஸ்தி வாங்கிடுச்சி. அது சாயசொல்ல அல்லாரும் கத்திக்கினு ஓடுனோம்."

சிரித்தார், அப்பா. உங்கள் பாடைக்கு மூங்கில் வெட்டியதும் இதே ஆள்தான். "சித்தப்பா, சித்தப்பா" என்று அழுதுகொண்டு தோள் கொடுத்ததும் இவர்தான். அந்த மரத்தையும் உங்கள் சாவையும் சேர்த்து யோசிக்கிற அளவுக்கு அந்த மண்டையில் ஒன்றும் இல்லை. "டீ போடலியாடா?" என்று வேறு கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அவர்மேல் ஒரு வசவைக்கூட வீணாக்க மனம் வரவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவர் சட்டையைப் பிடித்திருப்பீர்களா, இல்லை, போராட்டம் என்றால் நாலும் நடக்கும் என்று அவருக்கே பரிந்து பேசியிருப்பீர்களா? நீங்கள் இரண்டாவதைத்தான் செய்திருப்பீர்கள் என்று தோன்றும்போது உங்கள்மேலும் எரிச்சல் வருகிறது.

ரோட்டையும் விட்டுவிட்டேன். இனி அந்த ஒரு மரம்தான், அதைத் தாண்டிப் போகிற ஒரு ஜீப்தான். மரத்தை நிமிர்த்தி நிற்க வைப்பேன். ஜீப்புக்குள் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேகம் போதவில்லை என்று டிரைவரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இந்தத் தடவை உங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன், சத்தியம்.

உங்கள் வாயைக் கொண்டு பிறந்த மகன்,
ஏழுமலை